இயங்குதளம் மாறும் வேளை: ஆயத்தங்களின் வரலாறும் தமிழ்க் கோப்புகளின் கதியும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அதற்கு முந்திய மாதங்களில் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் வீடுகளிலும் ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது: "என்னுடைய கணினி புதிய பதிப்பை ஏற்குமா? ஏற்பதாயின் அதற்கு முன்னர் நான் என்ன செய்து வைக்க வேண்டும்?"

இக்கேள்வி புதியதன்று. நமது பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்றும், பத்திரிகைகள் இயங்குதளம் என்றும் குறிப்பிடும் இந்த அடிப்படை மென்பொருள் ஒவ்வொரு தடவை மாறும்போதும் பாவனையாளர் இதே கேள்வியைக் கேட்டுள்ளார். கிடைத்த பதில்தான் காலத்துக்குக் காலம் மாறியது. அந்தப் பதில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், கணினியின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் தெரிய வரும். புதிய பதிப்புகளின் வெளியீட்டு விழாக்களைப் பற்றி எழுதியவர் பலர். அவ்விழாவுக்கு முதல் நாள் இரவில் தன் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்த மனிதரைப் பற்றி எழுதியவர் சிலரே. தமிழில் எழுதுவோருக்கு இவ்வரலாற்றில் தனியானதோர் அத்தியாயமும் உண்டு. அதற்குப் பின்னர் வருவோம்.

வட்டை மாற்றினால் போதுமாயிருந்த காலம்

1981 ஓகஸ்ட்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டபோது, இயங்குதளம் என்பது ஒரு நெகிழ்வட்டில் அடங்கும் பொருளாயிருந்தது. வட்டைச் செருகிக் கணினியை இயக்கினால் டொஸ் நினைவகத்தில் ஏறும். புதிய பதிப்பு வேண்டுமாயின் வேறொரு வட்டைச் செருகினால் போதுமானது. பழைய வட்டு மேசை இலாச்சியில் பத்திரமாக இருக்கும். ஆயத்தம் என்று தனியாக ஒன்றும் தேவைப்படவில்லை.

வன்தட்டு பரவலான பின்னர் நிலைமை மாறியது. இயங்குதளமும் மனிதரின் கடிதங்களும் கணக்குகளும் ஒரே தட்டில் குடியேறின. ஒன்றைத் தொட்டால் மற்றையதும் அசையும் என்ற அச்சம் அன்றே தோன்றியது. அடுத்த மூன்று தசாப்த கால ஆயத்தங்கள் யாவும் அந்த ஒரே அச்சத்திலிருந்து பிறந்தவை எனலாம்.

1991 ஆம் ஆண்டு வெளியான எம்.எஸ். டொஸ் 5.0 இந்த அச்சத்துக்கு மதிப்பளித்த பதிப்பாகும். அதற்கு முன்னர் டொஸ் பெரும்பாலும் கணினியோடு சேர்த்தே விற்கப்பட்டது. கடையில் தனியாக வாங்கித் தரமுயர்த்திக்கொள்ளும் பொதியாக அது பரவலாக வந்தது இப்பதிப்பில்தான். நிறுவும்போது அந்நிரல் முதலில் ஒரு வெற்று வட்டைக் கேட்கும். பழைய நிலைக்குத் திரும்புவதற்குத் தேவையானவற்றை அதில் எழுதி வைக்கும். பழைய டொஸ் கோப்புகள் வன்தட்டில் தனிக் கோப்புறை ஒன்றில் பாதுகாக்கப்படும். புதியது நன்றாக இயங்குகிறது என்று பாவனையாளர் திருப்தியடைந்த பின்னர், தானே ஒரு கட்டளையைத் தட்டச்சிட்டுப் பழையதை அழிக்கலாம். முன்னே செல்பவருக்குத் திரும்பி வரும் வழியையும் காட்டி அனுப்புவது அக்காலத்து மரபாயிருந்தது. அம்மரபு பின்னர் எப்போதும் ஒரே அளவில் பேணப்படவில்லை என்பதே இனி வரும் கதை.

1995: விழாவும் நினைவகப் பஞ்சமும்

1995 ஓகஸ்ட் 24 ஆம் திகதி விண்டோஸ் 95 வெளியானது. ஒரு மென்பொருளுக்காக அத்தனை ஆரவாரம் அதற்கு முன்னர் நிகழ்ந்ததில்லை. நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டிடம் விண்டோஸ் சின்னத்தின் நிறங்களில் ஒளியூட்டப்பட்டது. இலண்டனின் டைம்ஸ் பத்திரிகை அன்று இலவசமாக விநியோகிக்கப்பட்டது. அச்செலவை மைக்ரோசொப்ட் ஏற்றுக்கொண்டது. இரு நூற்றாண்டுப் பாரம்பரியமுள்ள ஒரு நாளிதழின் ஒரு நாளை ஒரு மென்பொருள் நிறுவனம் வாங்க முடிந்தது என்ற செய்தி, பத்திரிகைத் தொழிலில் இருந்த எம்மைப் போன்றோருக்கு வரவிருக்கும் காலத்தின் அறிகுறியாகவே தோன்றியது.

ஆரவாரத்தின் மறுபக்கம் நினைவகப் பஞ்சமாகும். 386 டி.எக்ஸ். செயலியும் 4 மெகாபைட் நினைவகமும் இருந்தாற் போதும் என்று பெட்டியில் அச்சிடப்பட்டிருந்தது. நடைமுறையில் 8 மெகாபைட்டாவது இல்லாதவிடத்துக் கணினி தவழ்ந்தது. நினைவகச் சில்லுகளோ அன்று விலை உயர்ந்த பண்டங்கள். ஆகவே தரமுயர்த்தலுக்கு ஆயத்தமாவது என்பது முதலில் பணப்பையைத் திறப்பதாயிற்று.

இந்தத் தேவையை ஒரு நிறுவனம் வேறு விதத்தில் பயன்படுத்திக்கொண்டது. சின்க்ரோனிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் சொப்ட்ராம் 95 என்ற மென்பொருளை வெளியிட்டு, இதனை நிறுவினால் கணினியின் நினைவகம் இரட்டிப்பாகும் என விளம்பரம் செய்தது. சில்லு வாங்கும் செலவில் ஒரு சிறு பகுதியே அதன் விலை. இலட்சக்கணக்கான பிரதிகள் விற்பனையாகின. சோதித்துப் பார்த்தவர்கள் அது நினைவகத்தை இரட்டிப்பாக்கவே இல்லை என்பதைக் கண்டறிந்தனர். ஜேர்மனியின் கணினிச் சஞ்சிகை ஒன்று இதனை முன்னின்று அம்பலப்படுத்தியது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு தலையிட்டது. புதிய இயங்குதளம் வரும்போதெல்லாம் அதற்கு ஆயத்தம் செய்து தருவதாகக் கூறும் போலி மருந்துகளும் உடன் வரும் என்பதற்கு இது முதற் பெரும் சான்றாகும்.

இறுவட்டுச் செலுத்தி இல்லாதவர்களுக்கு விண்டோஸ் 95 பதின்மூன்று நெகிழ்வட்டுகளில் வழங்கப்பட்டது. அவற்றுள் ஒன்று பழுதடைந்தாலும் வேலை நடுவழியில் நின்றுவிடும். கணினியை மீட்டெழுப்ப உதவும் தொடக்க வட்டு ஒன்றை நிறுவலின்போதே தயாரித்துக்கொள்ளும் வசதி இருந்தது. அதனை அலட்சியம் செய்தவர்கள் பின்னர் அண்டைவீட்டாரின் வட்டைத் தேடி அலைந்தார்கள்.

இரண்டு வமிசங்கள் ஒன்றான கதை

1990களின் இறுதியில் மைக்ரோசொப்டிடம் இரண்டு வமிசங்கள் இருந்தன. டொஸ்ஸின் வழிவந்த 95, 98 பதிப்புகள் வீடுகளுக்கும், 1993 இல் தொடங்கிய என்.டி. வரிசை அலுவலகங்களுக்கும் உரியனவாயிருந்தன. முதலாவது எந்தப் பழைய மென்பொருளையும் ஏற்கும். ஆனால் அடிக்கடி முடங்கும். இரண்டாவது உறுதியானது, ஆனால் வன்பொருளை நேரடியாகத் தொட முனையும் பழைய நிரல்களை அனுமதிக்காது.

இதற்கிடையில் 2000 ஆம் ஆண்டுப் பிரச்சினை வந்தது. ஆண்டை இரண்டு இலக்கங்களில் குறித்து வந்த கணினிகள் 2000 ஐ 1900 எனக் கொள்ளக்கூடும் என்ற அச்சம் அது. எதுவும் நிகழவில்லையே என்று பின்னர் பலர் அதனைக் கேலி செய்தார்கள். நிகழாமற் போனதற்குக் காரணம் பல வருடங்களாக நடந்த ஆயத்தமே என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். ஒழுங்காக நடைபெற்ற ஆயத்தம் எப்போதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தவறிப்போன ஆயத்தமே செய்தியாகிறது.

2001 ஒக்டோபர் 25 ஆம் திகதி வெளியான விண்டோஸ் எக்ஸ்பி இரு வமிசங்களையும் ஒன்றாக்கியது. விண்டோஸ் 98 பாவித்த வீட்டுக்காரர் ஒருவர் எக்ஸ்பிக்கு மாறியபோது, அவர் அறியாமலேயே அடித்தளம் முழுவதையும் மாற்றிக்கொண்டார். பழைய அச்சுப்பொறிக்கும் வருடிக்கும் உரிய இயக்கி நிரல்கள் செல்லாக்காசாயின. சிறு வியாபார நிலையங்களில் டொஸ் காலத்துக் கணக்குப் பதிவு நிரல்கள் பல ஓட மறுத்தன. தட்டின் கோப்பு ஒழுங்கமைப்பையும் புதிய முறைக்கு மாற்றலாம். மாற்றினால் அதே கட்டளையால் திரும்பி வர இயலாது.

இதனால் ஆயத்தம் ஒரு முறையான துறையாக வளர்ந்தது. கணினியைச் சோதித்து எந்தச் சாதனம் இயங்கும், எந்த மென்பொருள் இயங்காது என்று பட்டியலிடும் ஆலோசகர் நிரல் ஒன்றை மைக்ரோசொப்ட் வழங்கியது. கணினிச் சஞ்சிகைகள் பக்கம் பக்கமாக அறிவுறுத்தல்களை வெளியிட்டன. காப்புப்பிரதி எடுங்கள், இயக்கி நிரல்களை முன்னரே தேடி வையுங்கள், வைரஸ் தடுப்பு மென்பொருளை நீக்குங்கள், தட்டை ஒழுங்குபடுத்துங்கள் என்ற வரிசை அக்காலத்தில்தான் நிலைபெற்றது. இன்றும் அவ்வரிசை பெரிதாக மாறவில்லை.

தமிழுக்குரிய அத்தியாயம்

அந்த வரிசையில் தமிழ்ப் பாவனையாளருக்கு மிக அவசியமான ஒரு வரி விடுபட்டிருந்தது. "உங்கள் எழுத்துருக்களைப் பிரதி எடுத்து வையுங்கள்" என்பதே அது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிவுறுத்தல்களில் அதற்கு இடமிருக்கவில்லை. ஏனெனில் ஆங்கிலத்துக்கு அது தேவைப்படவில்லை.

காரணத்தைச் சற்று விளக்குதல் நலம். 1990களில் நாம் கணினியில் எழுதிய தமிழ், கணினியைப் பொறுத்தவரை தமிழே அன்று. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பரவலாகப் பாவிக்கப்பட்ட பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டிருந்தன. 'தமிழ்' என்று நாம் தட்டச்சிட்டால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே கோப்பில் பதிவாகும். பாமினி எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழாகத் தோன்றும். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் தோன்றும். கோப்பில் இருப்பது உடல்; எழுத்துருவே உயிர்.

தட்டைத் துடைத்துப் புதிய இயங்குதளத்தை நிறுவும்போது எழுத்துருக் கோப்புறையும் சேர்ந்தே அழியும். ஆவணங்களைக் கவனமாகப் பிரதி எடுத்தவர்கள் பலர், எழுத்துருவைப் பிரதி எடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை. பாமினி போன்று பலரிடம் இருந்த எழுத்துருவாயின் இன்னொருவரிடம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அக்காலத்தில் ஒவ்வொரு பத்திரிகை நிறுவனமும் ஒவ்வொரு அச்சகமும் வெவ்வேறு எழுத்துருவையும் வெவ்வேறு இட ஒதுக்கீட்டையும் கொண்டிருந்தன. ஒன்றில் எழுதியது இன்னொன்றில் திறக்காது. சில எழுத்துருக்கள் 160, 173 போன்ற இடங்களில் தமிழ் எழுத்தை வைத்திருந்தன. அவ்விடங்கள் உலகப் பொதுவில் பிரியா இடைவெளிக்கும் மறைநிலை இணைகோட்டுக்கும் ஒதுக்கப்பட்டவை. புதிய மென்பொருட்கள் சிலவற்றில் அவ்வெழுத்து மாத்திரம் திரையிலிருந்து மறைந்துபோனது. ஒரு கட்டுரை முழுவதிலும் ஒரே ஓர் எழுத்து இல்லாமற் போனால் அதனைத் திருத்தும் உத்தியோகத்தரின் நிலை எவ்வாறிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கான தீர்வு யூனிகோட் எனப்படும் ஒருங்குறியாகும். உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வழங்கும் இத்திட்டத்தின் 1991 ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் இயங்குதளம் அதனை அறியாதவரை அந்த இடத்தால் பயனில்லை. 2000 பெப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000 பதிப்பே தமிழை ஒருங்குறியில் முதன்முதலாக ஏற்ற விண்டோஸ் ஆகும். லதா என்ற எழுத்துரு அதனோடு வந்தது. எக்ஸ்பி அதனைப் பரவலாக்கியது.

அங்கேயும் ஒரு தடை இருந்தது. எக்ஸ்பியை நிறுவியவுடன் தமிழ் ஒழுங்காகத் தோன்றாது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் மொழித் தெரிவுகளுக்குச் சென்று, சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற பெட்டியில் அடையாளமிட்டு, எக்ஸ்பி இறுவட்டை மீண்டும் செருக வேண்டும். செய்யாதவிடத்துக் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறோரிடத்திலுமாகச் சிதறித் தெரியும். அன்றைய தமிழ் இணையத்தளங்கள் பலவற்றின் முகப்பில் இதற்கான அறிவுறுத்தல் இருந்ததைப் பழைய வாசகர்கள் நினைவுகூரக்கூடும். அந்த இறுவட்டைக் கைவசம் வைத்திராத வீடுகளில் தமிழ் உடைந்த நிலையிலேயே வருடக்கணக்கில் வாசிக்கப்பட்டது. நமது சகோதர மொழியான சிங்களத்தின் நிலை இதனினும் பின்தங்கியது. விண்டோஸ் விஸ்டா வரும்வரை சிங்களம் இயங்குதளத்தோடு சேர்ந்து வரவில்லை. எக்ஸ்பி பாவித்தவர்கள் அதனைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது.

பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் பணியை எந்தப் பெரிய நிறுவனமும் நமக்காகச் செய்து தரவில்லை. தன்னார்வலர்கள் செய்தார்கள். பொங்குதமிழ் போன்ற மாற்றி நிரல்களும், ஈ-கலப்பை போன்ற தட்டச்சுக் கருவிகளும் இலவசமாகக் கிடைத்தன. மாற்றுவது வெறும் எழுத்துக்கு எழுத்து வைக்கும் வேலையன்று. 'கொ' என்ற எழுத்தைப் பாமினியில் கொம்பு, ககரம், அரவு என்று கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் தட்டச்சிடுவோம். ஒருங்குறியில் ககரம் முதலில் வரும். கொம்பும் அரவும் சேர்ந்து ஒரே உயிர்க்குறியாகப் பின்னால் வரும். இந்த ஒழுங்கு மாற்றத்தைச் சரியாகச் செய்யாத நிரல்கள் புதிய பிழைகளை உண்டாக்கின. கட்டுரையின் இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொல்லும் தமிழெழுத்துக் குவியலாக மாறியது. மனிதக் கண் ஒரு தடவை பார்க்காமல் எந்தக் கோப்பையும் மாற்றி முடித்ததாகக் கொள்ள இயலாது.

பத்திரிகைப் பக்கங்களின் கதி

ஆவணங்களை விடப் பத்திரிகைப் பக்கங்களின் நிலை மோசமானது. 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் தமிழ்ப் பத்திரிகைகள் பெரும்பாலானவற்றின் பக்கங்கள் பேஜ்மேக்கர் மென்பொருளில் வடிவமைக்கப்பட்டன. அம்மென்பொருளுக்கு ஒருங்குறி தெரியாது. அதன் இறுதிப் பெரும் பதிப்பான 7.0, 2001 இல் வெளியானது. அதன் பின்னர் அடோபி நிறுவனம் இன்டிசைனை முன்னிறுத்தியது. 2012 இல் வந்த இன்டிசைன் சி.எஸ்.6 வரை பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க வழியிருந்தது. அதற்குப் பிந்திய பதிப்புகளில் அவ்வழியும் அடைக்கப்பட்டது. அடோபி 2023 ஜனவரியில் டைப் 1 வகை எழுத்துருக்களுக்கான ஆதரவையும் கைவிட்டது.

இதன் விளைவு யாதெனில், பத்து வருடப் பக்கங்களைத் திறப்பதற்காகவே ஒரு பழைய கணினியைப் பல காரியாலயங்கள் மூலையில் பேணி வந்தன. கொழும்பில் நான் அறிந்த ஒரு காரியாலயத்தில் விண்டோஸ் 98 இயங்கிய அத்தகைய கணினியொன்று நெடுங்காலம் இருந்தது. யாரும் அதனைத் தரமுயர்த்தக் கூடாது என்று ஒரு துண்டுக் கடதாசி அதில் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு நாள் அதன் வன்தட்டு நின்றது. அச்சான பிரதிகள் கட்டுகளாக இருந்தன, கோப்புகள் போய்விட்டன. தரமுயர்த்தலைத் தவிர்ப்பது பாதுகாப்பாகாது, இழப்பைத் தள்ளிப்போடுவதேயாகும் என்பதை அக்கணினி உணர்த்தியது.

நமது போர்க்காலத்துச் செய்திகளில் கணிசமானவை அவ்வாறான கோப்புகளில் எழுதப்பட்டவை. ஒரு கிராமத்தின் இடம்பெயர்வு, ஒரு பாடசாலையின் மூடல், காணாமற்போனோர் பற்றிய ஒரு சிறு செய்தி ஆகியன வேறெங்கும் பதிவாகாமல் பிராந்திய நிருபர் அனுப்பிய நான்கு வரிகளில் மாத்திரம் இருந்திருக்கலாம். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் அச்சுப் பிரதிகளை வருடி இணையத்தில் ஏற்றி வருவது இவ்வகையில் பெரும் பணியாகும். ஆயினும் அச்சேறாமல் கோப்பிலேயே தங்கிவிட்ட செய்திகளை எந்த வருடியாலும் மீட்க இயலாது.

ஒட்டுச்சீட்டு கூறாத உண்மை

2007 ஜனவரி 30 ஆம் திகதி விண்டோஸ் விஸ்டா பொதுப் பாவனைக்கு வந்தது. அதன் வெளியீடு பிற்போடப்பட்டதால், 2006 இல் விற்பனையாகும் கணினிகளை மக்கள் வாங்காமல் காத்திருப்பார்கள் என்ற கவலை எழுந்தது. ஆகவே "விஸ்டாவுக்குத் தகுதியானது" என்று பொருள்படும் ஒட்டுச்சீட்டுகள் புதிய கணினிகளில் ஒட்டப்பட்டன. இதனால் பாவனையாளர் செய்ய வேண்டிய ஆயத்தத்தை விற்பனையாளரே செய்து கொடுத்துவிட்டதான தோற்றம் ஏற்பட்டது.

வாங்கியவர்களில் பலர் அடிப்படைப் பதிப்பை மாத்திரமே ஓட்ட முடிந்தது. விளம்பரங்களில் காட்டப்பட்ட கண்ணாடி போன்ற புதிய தோற்றம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2007 இல் சியற்றில் நகர சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. வழக்கின்போது வெளியான உள்ளக மின்னஞ்சல்கள் சுவாரசியமானவை. இன்டெல் நிறுவனத்தின் 915 சில்லுத் தொகுதிக்கு இடமளிப்பதற்காகத் தகுதி நிபந்தனை தளர்த்தப்பட்டது அவற்றிலிருந்து தெரியவந்தது. மைக்ரோசொப்டின் உயரதிகாரி ஒருவரே 2,100 டொலர் கொடுத்து வாங்கிய மடிக்கணினி மின்னஞ்சல் பார்க்கும் இயந்திரமாக முடிந்துவிட்டது என்று அலுத்துக்கொண்டிருந்தார். 2009 இல் அவ்வழக்கு கூட்டு வழக்கு என்ற தகுதியை இழந்தது. ஆயினும் பெட்டியின் மேலுள்ள சீட்டை நம்பி ஆயத்தத்தைக் கைவிடலாகாது என்ற பாடம் எஞ்சியது.

விஸ்டாவில் ஏமாந்த மக்கள் எக்ஸ்பியை விட்டு அசையவில்லை. 2009 ஒக்டோபர் 22 ஆம் திகதி விண்டோஸ் 7 வந்தபோது, எக்ஸ்பியிலிருந்து அதற்கு நேரடியாகத் தாவும் வழி கொடுக்கப்படவில்லை. கோப்புகளை வெளியே எடுத்து, புதிதாக நிறுவி, மென்பொருட்களை ஒவ்வொன்றாக மீண்டும் சேர்க்க வேண்டும். இந்தச் சிரமத்துக்கு அஞ்சியோர் 2014 ஏப்ரல் 8 ஆம் திகதி எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்த பின்னரும் அதிலேயே தங்கினார்கள்.

பிற்போடுதலின் விலை 2017 மே 12 ஆம் திகதி தெரிந்தது. வொன்னாக்ரை என்ற கப்பம் கோரும் தீநிரல் 150 க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை வைத்தியசாலைகளில் சிகிச்சைகள் பிற்போடப்பட்டன. அத்துளையை அடைக்கும் திருத்தம் அதே வருடம் மார்ச் மாதத்திலேயே வெளிவந்திருந்தது. பாதிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை அத்திருத்தத்தை ஏற்காத விண்டோஸ் 7 கணினிகள். கைவிடப்பட்ட எக்ஸ்பிக்கும் கூட மைக்ரோசொப்ட் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது.

கேளாமல் வந்த புதுமை

2015 ஜூலை 29 ஆம் திகதி வெளியான விண்டோஸ் 10 ஒரு புதிய நிலைமையைத் தோற்றுவித்தது. 7, 8.1 பதிப்புகளை வைத்திருந்தோருக்கு ஒரு வருடம் இலவசம் என்றார்கள். பின்னர் அது தானாகவே இறங்கத் தொடங்கியது. 2016 இல் ஒரு கட்டத்தில், அறிவிப்புப் பெட்டியின் மூலையிலுள்ள பெருக்கற் குறியை அழுத்தி மூடினாலும் அது சம்மதமாகவே கொள்ளப்பட்டது. கலிபோர்னியாவில் சிறு வியாபாரம் நடத்திய பெண்ணொருவர், தான் கேட்காத தரமுயர்த்தலால் கணினி பழுதடைந்து தொழில் பாதிக்கப்பட்டது என வழக்காடி 10,000 டொலர் பெற்றார். 1991 இல் வெற்று வட்டைக் கேட்டு நின்ற பணிவு கால் நூற்றாண்டில் இவ்வாறாகியது.

2018 ஒக்டோபர் மாதப் பதிப்பு இன்னொரு பாடத்தைத் தந்தது. அதனை நிறுவிய சிலரது ஆவணக் கோப்புறைகளிலிருந்து கோப்புகளே அழிந்துபோயின. மைக்ரோசொப்ட் சில நாட்களில் விநியோகத்தை நிறுத்தி, நவம்பரில் திருத்திய பதிப்பை வெளியிட்டது. பாதிப்பை முறையிட்டோர் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவினரே என்று அந்நிறுவனம் கூறியது. நிறுவனத்துக்கு அது ஒரு சதவீதத்தின் நூறில் ஒரு பங்கு. கோப்பை இழந்தவருக்கோ அது முழுமையானது. காப்புப்பிரதி என்பது பழங்கால வழக்கமன்று என்பதை இச்சம்பவம் நிறுவியது.

கணினியையே மாற்றச் சொல்லும் காலம்

2021 ஒக்டோபர் 5 ஆம் திகதி வெளியான விண்டோஸ் 11 உடன் ஆயத்தத்தின் பொருளே மாறியது. 1995 இல் 4 மெகாபைட் கேட்ட இயங்குதளம் 26 வருடங்களில் 4 கிகாபைட் கேட்டது. அதாவது ஆயிரம் மடங்குக்கும் அதிகம். ஆனால் இம்முறை தடையாக நின்றது நினைவகம் அன்று. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், பெரும்பாலும் 2017 இன் பிற்பகுதிக்குப் பின்னர் வந்த செயலியும் நிபந்தனையாயின. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியும் தகுதியற்றதாகியது. தகுதியைச் சோதிக்கும் நிரலோ முதலில் காரணத்தைக் கூறாமல் "இயலாது" என்று மாத்திரம் கூறியது. கண்டனம் எழுந்ததால் அதனை மீளப்பெற்றுத் திருத்தினார்கள்.

செல்வந்த நாடுகளில் இது ஒரு செலவு. நமது நாட்டில் அவ்வளவு இலகுவானதன்று. 2022 இல் சில வாரங்களுக்குள் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு உயர்ந்ததை நாம் கண்டோம். இறக்குமதியாகும் கணினியின் விலையும் அவ்வாறே ஏறியது. இந்நிலையில் கிராமப் பாடசாலையொன்றின் கணினி அறையிலுள்ள பழைய கணினிகளை ஒரே வருடத்தில் மாற்று என்பது நடைமுறைக்கு ஒவ்வாத அறிவுரையாகும். கட்டணத்துக்கோ வேறு நிபந்தனைகளுக்கோ தனியாட்களின் விண்டோஸ் 10 கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. அது அவகாசமேயன்றித் தீர்வன்று. பழைய கணினியில் லினக்ஸை நிறுவிப் பாவிப்பது நேர்மையான மாற்று வழியாகும். ஒருங்குறித் தமிழ் அங்கு எவ்விதச் சிரமமுமின்றி இயங்குகிறது.

எஞ்சும் கடமை

நாற்பது வருடங்களுக்கும் மேலான இவ்வரலாற்றில் மூன்று கட்டங்கள் தெரிகின்றன. முதலில் இயங்குதளம் பாவனையாளரிடம் அனுமதி கேட்டது. பின்னர் அவரது சம்மதத்தை ஊகித்துக்கொண்டது. இறுதியில் அவரது கணினியையே நிராகரித்தது. மூன்று கட்டங்களிலும் மாறாதிருப்பது ஒன்றுதான்: கோப்பைக் காக்கும் பொறுப்பு எப்போதும் அதனை எழுதியவரிடமே விடப்பட்டுள்ளது.

தமிழில் எழுதுவோர் செய்யத்தக்கவை எளியன. தட்டில் கை வைப்பதற்கு முன்னர் ஆவணங்களோடு எழுத்துருக் கோப்புகளையும் வேறொரு தட்டில் பிரதி செய்தல் வேண்டும். ஒரே பிரதியைப் பிரதி என்று கொள்ளலாகாது. இரண்டு இடங்களில் இரண்டு பிரதிகள் இருத்தல் வேண்டும். பழைய எழுத்துருவில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றி வெறும் எழுத்துக் கோப்பாகவும், பக்கங்களின் தோற்றத்தைப் பி.டி.எப். ஆகவும் சேமித்தல் வேண்டும். மாற்றிய பின்னரும் மூலக் கோப்பை அழித்தலாகாது. இன்றைய மாற்றி நிரல் விட்ட பிழையை நாளைய நிரல் திருத்தக்கூடும். எடுத்த பிரதியை இன்னொரு கணினியில் ஒரு தடவை திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பார்க்காத காப்புப்பிரதி நம்பிக்கையேயன்றிக் காப்பன்று.

ஓய்வுபெற்ற நிருபர்கள், ஆசிரியர்கள், சிறு சஞ்சிகை நடத்தியோர் ஆகியோரின் வீடுகளில் இன்னும் எத்தனையோ நெகிழ்வட்டுகளும் இறுவட்டுகளும் கிடக்கின்றன. அவற்றின் காந்தப்பூச்சும் சாயப்பூச்சும் இயங்குதளத்தின் கால அட்டவணைக்குக் காத்திருப்பதில்லை. அவற்றைத் திறக்கக்கூடிய கணினியும், அந்த எழுத்துருவின் பெயரை நினைவில் வைத்திருக்கும் மனிதரும் ஒரே காலத்தில் இருக்கும் வருடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அடுத்த தரமுயர்த்தலுக்கான அறிவிப்பு வரும்வரை அந்த வேலையைத் தள்ளிவைக்கத் தேவையில்லை.